பல்லவிக்குத் திரும்பும் இடம்

இன்றைக்கும் அது "டப்" என்றுதான் கேட்டது. வாளியைக் கவிழ்த்து வைத்து அடியில் தட்டினால் வருகிற அதே பிளாஸ்டிக் சத்தம். உன் பழைய கீபோட்டின் இடது பக்கத்துக் கட்டைகளுக்கு மேலே சின்னச் சின்னதாக ட்ரம் படங்கள் அச்சடித்திருக்குமே, அவற்றில் ஸ்நெயர் ட்ரம்மின் படம் உன் நகம் உரசி உரசி முக்கால்வாசி அழிந்துவிட்டது. நானும் அதே கட்டையைத்தான் அழுத்துகிறேன். நீ அழுத்தினால் ட்ரம், நான் அழுத்தினால் வாளி. இது என்ன நியாயம் என்று உன்னிடம்தான் கேட்க வேண்டும். நீயோ இல்லை.

உன் மகள் டிலானியின் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். சேலை, நகை, சாப்பாட்டுக் கதையெல்லாம் வேறு யாராவது உன் கல்லறைக்கு வந்து சொல்லட்டும். நான் சொல்லப்போவது ட்ரம்மைப் பற்றி. அந்த ஒன்றுதான் இவ்வளவு நாளும் என்னை வதைத்தது.

கல்யாண வீடுகளுக்கு நாம் வாசிக்கப் போன காலம் உனக்கு நினைவிருக்கும். என் பெரிய கீபோட்டில் நான் பாட்டை வாசிப்பேன். எனக்கு இடப்பக்கம் உன் சின்னக் கீபோட்டை ட்ரம் சத்தத்துக்கு மாற்றி வைத்துக்கொண்டு, பகலெல்லாம் தபால் கந்தோரில் முத்திரை குத்திய அந்தக் கையின் விரல்களால் நீ ட்ரம் அடிப்பாய். மிதிக்க ஒன்றும் இல்லாத வெறுந்தரையில் உன் குதிக்கால் மட்டும் ஓயாமல் மிதித்துக்கொண்டிருக்கும். நிலாவெளியில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் மாமா ஒருவர் நம்மைப் பார்த்துவிட்டு, "ரெண்டு பொம்பிளையள் வந்திருக்கினம், ட்ரம் எங்க? பஸ்ஸில விட்டிட்டு வந்திட்டீங்களோ?" என்று கேட்டார். நீ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கண்ணை மூடிக்கொண்டு ஆடுங்கோ அண்ணை, ட்ரம் வரும்" என்றாய். அன்றைக்கு அந்த மனுசன்தான் கடைசிவரை ஆடினவர்.

நீ போன பிறகு இரண்டு கீபோட்டையும் துணி சுற்றி அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டேன். அவற்றை இறக்க வைத்தவள் டிலானி. கல்யாணம் நிச்சயமான கையோடு வந்து என் குசினிக் கதிரையில் உட்கார்ந்தாள்.

"அன்ரி, மாப்பிள்ளை வீட்டில டிஜே பிடிச்சிட்டினம். ஆனா எல்லாரும் எழும்பி ஆடுற முதல் பைலாப் பாட்டு நீங்கள்தான் வாசிக்கோணும். அம்மா வாசிச்ச அந்தப் பைலா."

"ட்ரம் ஆரடி வாசிக்கிறது?"

"உங்கட கீபோட்டில ரிதம் இருக்குத்தானே? பட்டனை அமத்தினாச் சரி."

பட்டனை அமத்தினால் சரியாம். அந்தக் கீபோட்டில் உலகத்தில் உள்ள நாட்டு ரிதமெல்லாம் இருக்கிறது, பைலா மட்டும் இல்லை. யாரோ இணையத்தில் போட்டு வைத்திருந்த ஒரு பைலா ரிதத்தை இறக்கி, அதோடு பாட்டை வாசித்து, டிலானிக்கு அனுப்பினேன். பதில் குரல்பதிவாக வந்தது.

"அன்ரி, கோவிக்க மாட்டீங்கள்தானே? வோஷிங் மெஷின் கடைசியில உடுப்பைச் சுத்துமே, அப்பிடிக் கேக்குது."

சிரித்துவிட்டேன். ஆனால் அவள் அதோடு விடவில்லை. "சரிவராட்டிப் பரவாயில்லை அன்ரி. டிஜேட்ட பைலாவும் இருக்காம்" என்றாள். எனக்கு நோகக்கூடாது என்றுதான் அந்தப் பிள்ளை அப்படிச் சொன்னது. அந்த அன்புதான் எனக்கு எரிச்சலை மூட்டியது. உன் பிள்ளை ஆடும் முதல் பைலா யாரோ ஒருவனுடைய கணினியிலிருந்து வருவதா? அதுவும் நான் அதே மண்டபத்தில் புரியாணி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது?

பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வந்ததும் அந்த ரிதத்தோடு மல்லுக்கட்டத் தொடங்கினேன். முதலில் எல்லா அடியும் ஒரே பலத்தில் விழுவதுதான் குறை என்று நினைத்து, ஒவ்வோர் அடியையும் தனித்தனியாக எடுத்துப் பலத்தைக் கூட்டிக் குறைத்தேன். பெரிய அடிகளுக்கு இடையில் கேட்டும் கேட்காமலும் சின்ன அடிகளை வைத்தேன். குளியலறையில் அடிப்பது போலிருந்த எதிரொலியைக் குறைத்தேன். ஆசை விடாமல் சிம்பல் தட்டுகளின் சத்தத்தை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்தேன். அப்போது உன் குரல் காதில் கேட்டது: "மனிசருக்கு ரெண்டு கைதானடி." ஓம், ஸ்நெயரில் ஒரு கை, ஹை-ஹாட்டில் ஒரு கை இருக்கும்போது சிம்பலை அடிக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது? மனிதனால் அடிக்க ஏலாததையெல்லாம் தேடித் தேடி அழித்தேன். சத்தம் நல்லாகிக்கொண்டே வந்தது. ஆனாலும் பொய்யாகவே இருந்தது. தனியாகப் போட்டால் ட்ரம் போலிருக்கும். நான் சேர்ந்து வாசித்தால், பல்லவிக்குத் திரும்பும் இடத்தில் யாரோ பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுப்பது போலிருக்கும்.

பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "தண்ணி மோட்டர் பழுதோ பிள்ளை?" என்றார். நம் ஊர்த் தெருவெல்லாம் மாடு போலத் திரிந்துவிட்டு மதிலடி நிழலில் படுத்திருந்த மான்கள்கூட எழும்பித் துறைமுக வீதிப் பக்கம் போய்விட்டன. எனக்கு உன்மேல்தான் கோபம் வந்தது. எத்தனை முறை கேட்டிருப்பேன், எப்படியடி அடிக்கிறாய் என்று? "அது வருது" என்பாய். வேறு ஒரு வார்த்தை வராது. எதையும் பதிந்து வைக்கவுமில்லை. பதிந்தால் சோம்பல் பிடிக்கும் என்பாய். அது வருது என்று சொல்லிவிட்டு நீ போய்விட்டாய். எனக்கு வரவில்லையே.

கடைசியில், அந்த நிலாவெளிக் கல்யாணத்தில் யாரோ பிடித்த வீடியோவை டிலானியிடம் கேட்டு வாங்கினேன். ஆட்கள் கூச்சலிடுகிறார்கள், போத்தல்கள் முட்டுகின்றன, இடையில் உன் ட்ரம். காதைக் கூர்மையாக்கி, உன் ஒவ்வோர் அடியையும் அப்படியே என் கீபோட்டின் ரிதம் மிஷினில் எழுதினேன். பிறகு வீடியோவையும் மிஷினையும் ஒரே வேகத்தில் ஒன்றாக ஓடவிட்டேன். சரணம் முழுக்க இரண்டும் கைகோத்துப் போயின. பல்லவிக்குத் திரும்பும் இடத்தில் வீடியோ முந்திவிட்டது. ஃபோனில்தான் பிழை என்று மறுபடி தொடங்கினேன். மறுபடியும் அதே இடத்தில் முந்தியது. இன்னொரு கல்யாணத்து வீடியோவைப் போட்டேன். அதிலும் அப்படித்தான்.

நீ ஓடியிருக்கிறாய். ஒவ்வொரு கல்யாணத்திலும், ஒவ்வொரு பல்லவிக்கு முன்னாலும், நீ வேகத்தைக் கூட்டியிருக்கிறாய்.

அதோடு விட்டிருந்தால் உன்மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். ட்ரம்மை முழுதாக நிறுத்திவிட்டு, தாளத்துக்கு "டிக் டிக்" சத்தத்தை மட்டும் வைத்து நான் தனியே வாசித்துப் பார்த்தேன். அதே இடம் வந்தது. என் கை டிக்கை விட்டுவிட்டு ஓடியது. பிடித்து நிறுத்தி வாசித்தால் விரல் தடுமாறியது. நான் இவ்வளவு நாளும் ட்ரம்மின் சத்தத்தை அல்லவா திருத்திக்கொண்டிருந்தேன்! மிஷின் நேராகத்தான் போயிருக்கிறது. நான்தான் முன்னே ஓடிப்போய், அது ஏன் வரவில்லை என்று அதைத் திட்டியிருக்கிறேன்.

நீ ஓடினதால் நான் ஓடினேனா, நான் ஓடினதால் நீ ஓடினாயா? சொல்லடி. நீ இருந்திருந்தால் அன்றைக்கே பஸ் ஏறி வந்து சண்டை பிடித்திருப்பேன். "நீதான்" என்று நான் சொல்ல, "போடி, நீதான்" என்று நீ சொல்ல, தேத்தண்ணீர் ஆறிப்போயிருக்கும். பதிலே இல்லாவிட்டாலும் சண்டையாவது நடந்திருக்கும். இப்போது அதற்கும் ஆளில்லை.

மிஷினுக்கு ஓடக் கற்றுக்கொடுத்தேன். பல்லவிக்குத் திரும்பும் ஒவ்வோர் இடத்திலும் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, பிறகு மெல்ல இறக்கினேன். சேர்ந்து வாசித்தேன். சட்டையைப் பிடித்து இழுக்கும் கை காணாமல் போயிருந்தது. டிலானிக்கு அனுப்பினேன். ஃபோனை நாலைந்து முறை எடுத்துப் பார்த்தேன். டிஜேயின் பைலாதான் போலிருக்கிறது என்று முடிவுகட்டிக்கொண்டு அரிசியைக் கழுவப் போய்விட்டேன். பிறகு குரல்பதிவு வந்தது. "அன்ரி, இப்ப ஆட ஏலும். நான் இங்க அறைக்குள்ள ஆடிப்போட்டுத்தான் சொல்லுறன்."

மண்டபத்தில் அவள் ஆடினாள். மாப்பிள்ளை ஆடத் தெரியாமல் ஆடினான். உன் மனுசன் ஒரு மூலையில் நின்று கைதட்டினார். பல்லவி வரும்போதெல்லாம் எல்லோரும் கொஞ்சம் ஓடினார்கள், ஒருவரும் கவனிக்கவில்லை. நான் இடப்பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் விரல் நின்றுவிடும் என்று பயம்.

முடிந்து வயர்களைச் சுற்றும்போது, ஒலிபெருக்கி கொண்டுவந்த கிண்ணியா ஊர் முஸ்லிம் அண்ணர், எல்லோருக்கும் நானா, பக்கத்தில் வந்தார்.

"டீச்சர், ட்ரம் அசல் ட்ரம் மாதிரியே இருந்திச்சி. ஒரு எடத்துல மட்டும் ஸ்பீட் கூடுது. பல்லவிக்கு முன்னால. அதக் கொஞ்சம் பாத்துச் சரி பண்ணுங்க."

எத்தனை பின்னேரங்களைத் தின்ற வேலை அது! அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "பார்க்கிறன் நானா" என்றேன்.

பார்க்கப்போவதில்லை. போன ஞாயிறு மாதா கோயிலில் பூசைக்கு வாசித்தபோது ட்ரம்மும் இல்லை, மிஷினும் இல்லை. பல்லவிக்குத் திரும்பும் இடத்தில் என் கை தன்பாட்டில் ஓடியது. பாட்டுக்குழுவில் இருந்த பிள்ளைகள் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் ஓடிவந்தார்கள். பூசை முடிந்ததும் ஒருத்தி வந்து, "ஏன் மிஸ் அந்த இடத்தில எப்பவும் ஓடுறீங்கள்?" என்று கேட்டாள். நான் வாயைத் திறந்தேன். "அது வருது" என்பதைத் தவிர வேறொன்றும் வரவில்லை.