சனிக்கிழமைக்கும் புள்ளி உண்டு

என்னங்க, என் பிள்ளைங்களோட அப்பா,

பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்ல. இருபது வருஷமா "என்னங்க"ன்னுதான் கூப்பிட்டேன், இப்பவும் அதுதான் வருது. நீங்க போய் வருஷம் திரும்புது. ஞாயிறு பேப்பர்ல படம் போட்டு நாலு வரி எழுதலாம்னு உங்க தம்பி சொன்னார். நாலு வரி பத்தாது, நானே எழுதுறேன்னு சொல்லிட்டேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல அஞ்சாவது வரைக்கும் படிச்ச எழுத்து இது. சின்னவ கவிதா பார்த்துத் திருத்தித் தர்றா.

பெரியவளுக்கு யூனிவர்சிட்டி கிடைக்குமா கிடைக்காதான்னு கேட்டுக்கிட்டே போனீங்க. அந்தச் சேதியத்தான் சொல்ல வந்தேன். வரிசையா சொன்னாத்தான் எனக்கு வரும், பொறுத்துக்குங்க.

நம்ம வீட்டுச் சனிக்கிழமைச் சண்டை ஞாபகம் இருக்கா? பெரியவ மாலதி வெள்ளைச் சட்டைய இஸ்திரி போட்டு மாட்டிக்கிட்டு ஸ்கூல் முதலுதவிப் படைக்குக் கெளம்புவா. நீங்க ஓட்டுற கிலாங் பஸ்ஸை, பேக்டரி ஆளுங்க ஏறுற பஸ்ஸை, கழுவப் போற வழியில மோட்டார் சைக்கிள்ல அவளை ஏத்திக்கிட்டுப் போவீங்க. நான் ஓவர்டைமுக்கு நிக்கிறவ, வாசல்லயே ஆரம்பிச்சிருவேன்.

"ஊரான் கைக்குக் கட்டுக் கட்டுற நேரத்துல ரெண்டு கணக்குப் போட்டா பரீட்சையில புள்ளி ஏறும்."

"வெறும் புள்ளிய மட்டும் பார்க்க மாட்டாங்க, மாலதிம்மா."

"பின்ன? மூஞ்சியப் பார்ப்பாங்களா?"

"உன் கிலாங்குல லைன் லீடர் யாரு ஆனா? உன் கை வேகமா, அந்த ராஜம் கை வேகமா?"

அன்னிக்கு உங்களுக்குச் சோறு போட்டுட்டு போய்ப் படுத்துக்கிட்டேன். என் கைதான் வேகம், பாயான் லெப்பாஸ் பேக்டரியில எங்க லைன்ல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. ஆனா ராஜம் ஒரு நாள் கூட உடம்புக்கு முடியலன்னு எம்.சி. லீவு எடுத்ததில்ல, புதுசா வர்ற பொண்ணுங்களுக்குக் கூட நின்னு வேலை சொல்லிக் குடுத்தா. சூப்பர்வைசர் அதுக்கெல்லாம் தனித்தனியா புள்ளி போட்டு வச்சிருந்தார். உண்மை, அதனாலதான் சுட்டது.

நான் பூதக்கண்ணாடி வச்சுப் பார்க்கிற கம்ப்யூட்டர் சில்லுக்கு ரெண்டே தட்டுதான். நல்லது ஒரு தட்டு, கழிசல் ஒரு தட்டு. பிள்ளைங்க பரீட்சையும் அப்படித்தான்னு நெனச்சிட்டேன். ஒருநாள் கோபத்துல, "இந்த முதலுதவிக் காகிதத்தையெல்லாம் பழைய பேப்பர்காரனுக்குப் போடப் போறேன்"னு சொன்னேன். அதோட அந்தச் சர்டிபிகேட் எதுவும் என் கண்ணுல படல. எங்க போச்சுன்னு நான் கேக்கவும் இல்ல.

அப்புறம் அந்த ஞாயித்துக்கிழமை காலையில அடுப்படி வாசல்ல விழுந்தீங்க. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் மாலதிதான் முட்டி போட்டு உக்காந்து உங்க நெஞ்சை அமுக்கிக்கிட்டே இருந்தா. வாய் விட்டு எண்ணிக்கிட்டே அமுக்கினா. நான் கரண்டியும் கையுமா நின்னேன். அதுக்கு மேல இங்க எழுதல.

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சதும் உங்க சாமான் எதையும் வீட்டுல வச்சுக்க எனக்குத் தெம்பில்ல. சட்டை, கால்சட்டை, பஸ்ஸுக்குக் கொண்டு போற நீலப் பை எல்லாத்தையும் உங்க தம்பிகிட்ட சுங்கை பாக்காப்புல இருக்கிற அவர் வீட்டுக்குக் குடுத்தனுப்பிட்டேன். பையைத் தூக்கிக் குடுத்தேனே தவிர ஜிப்பைத் தொடல. நீங்க இருந்திருந்தா, "உள்ள என்ன இருக்குன்னு பார்க்காம எவளாச்சும் குடுப்பாளா"ன்னு திட்டியிருப்பீங்க.

மூணு மாசம் கழிச்சு மாலதி எஸ்.டி.பி.எம்., அதான் யூனிவர்சிட்டிக்குப் போறதுக்கான பரீட்சை, எழுதினா. ரிசல்ட் வந்துச்சு. நல்ல ரிசல்ட்தான், கெமிஸ்ட்ரி மட்டும் ஒரு படி எறங்கிடுச்சு. அவ கேட்டது பார்மசி. அழல. அப்ளிகேஷன் பாரத்தை எடுத்து மேசையில வச்சுக்கிட்டு அதையே பார்த்துக்கிட்டு இருந்தா.

ஸ்கூல்ல பிள்ளைங்களுக்கு யோசனை சொல்ற டீச்சரைப் பார்க்கப் போனேன். நம்ம தமிழ்ப் பிள்ளைதான்.

"ஆன்ட்டி, மார்க்குதான் முதல்ல. அதுல ஒரு கோடு போடுவாங்க. மாலதி கோட்டுக்குக் கிட்டத்தான் நிக்கிறா. அங்க இவ மாதிரியே நிறைய பேரு நிப்பாங்க. அவங்கள்ல யாரைக் கூப்பிடறதுன்னு பார்க்கும்போதுதான் மத்ததைப் பார்ப்பாங்க. ஸ்கூல்ல என்ன செஞ்சா, இன்டர்வியூல எப்படிப் பேசறா, எல்லாம்."

"நம்ம பிள்ளைங்களுக்கு இத்தனை எடம்தான்னு ஒரு கணக்கு இருக்குதே டீச்சர்?"

"இருக்கு. அதை நீங்களும் நானும் இன்னிக்கு மாத்த முடியாது. சர்டிபிகேட்டைக் கொண்டு வாங்க, ஹெட்மாஸ்டர்கிட்ட சாப் முத்திரை அடிச்சு வாங்கித் தரேன். வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்லா."

வீட்டுக்கு வந்து மாலதியக் கேட்டா, "அப்பாகிட்டதாம்மா குடுத்து வச்சேன், நீங்க பேப்பர்காரனுக்குப் போட்டுருவீங்கன்னு"ங்கிறா. அலமாரி, மெத்தைக்கு அடியில, சாமி படத்துக்குப் பின்னால, எங்கயும் இல்ல. அப்பத்தான் அந்த நீலப் பை நெனப்புக்கு வந்துச்சு. பிள்ளையோட அஞ்சு வருஷத்தை என் கையாலயே தூக்கிக் குடுத்துட்டேனே.

மறுநாள் லீவு போட்டேன். தீவுலேருந்து பெர்ரி ஏறி பட்டர்வொர்த் போய், அங்கேருந்து பஸ். வழியெல்லாம் ஒரே நெனப்பு. பையை யாருக்காச்சும் குடுத்திருப்பாரோ, காகிதத்தைக் கொளுத்தியிருப்பாரோ?

உங்க தம்பி வீட்டு நடுச்செவுத்துல ஆணியில பை தொங்குச்சு. தூசு கூடத் தட்டல.

"நான் தொறக்கல அண்ணி"ன்னார். "தொறந்து எடுத்துக்கிட்டா அண்ணன் இனிமே வரமாட்டார்னு ஆயிடும்ல."

நானே தொறந்தேன். உங்க மூஞ்சி தொடைக்கிற துண்டு, பாதி தீர்ந்த தைலக் குப்பி, அதுக்கடியில பிளாஸ்டிக்ல சுத்தின பைலு. வருஷ வாரியா அடுக்கியிருந்தீங்க. முகாமுக்குப் போக வீட்டுல கையெழுத்து வாங்குற சீட்டு இருக்கே, அதுக்கும் நகல் எடுத்து வச்சிருந்தீங்க. எல்லாத்துலயும் உங்க கையெழுத்து. ஒண்ணுல கூட என்னோடது இல்ல. ஒவ்வொண்ணுக்கும் நான் மாட்டேன்னு சொன்னவதானே. உங்க தம்பி டீ ஆத்திக் குடுத்தார். பையை அவர்கிட்டயே மாட்டச் சொல்லிட்டு பைலை மட்டும் எடுத்துக்கிட்டு வந்தேன்.

இன்டர்வியூக்குக் கூப்பிட்டாங்க. நான் வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தேன். சர்டிபிகேட்டைப் பொரட்டிப் பார்த்துட்டு ஒரு அம்மா கேட்டாங்களாம், "இதை எப்பவாச்சும் நிஜமா செஞ்சிருக்கியா?"

"ஒரு தடவை. எங்கப்பாவுக்கு. கைக்குத் தெரிஞ்சதைச் செஞ்சேன், பத்தல. மிச்சத்தைப் படிக்கத்தான் வந்திருக்கேன்"னு சொன்னாளாம். மலாய்ல சொன்னதை எனக்குத் தமிழ்ல சொல்லிக் காட்டினா. கொரல் ஆடல. உங்க பொண்ணு.

அதுக்கு எத்தனை புள்ளி போட்டாங்கன்னு எனக்குத் தெரியாது. கெமிஸ்ட்ரிய எவ்வளவு கழிச்சாங்கன்னும் தெரியாது. அந்தத் தராசை நமக்குக் காட்ட மாட்டாங்க. அவளை விட நல்லா எழுதின எந்தப் பிள்ளைக்கு எடம் கிடைக்காம போச்சோ, அந்த நெனப்பு மனசை அறுக்கத்தான் செய்யுது.

கடுதாசி வந்துச்சுங்க. பார்மசிதான். நம்ம பினாங்குலயே.

ஹாஸ்டல் பாரத்துல பெத்தவங்க கையெழுத்துப் போடணும்னு நீட்டினா. பேனாவைப் பிடிச்சதும் கை உங்களைத் தேடுச்சு. அப்புறம் என் பேரைத் தமிழ்லயே பெருசா எழுதினேன். பெட்டி தூக்கிக்கிட்டுப் போய் விட்டுட்டு வந்தேன். தைரியமாத்தான் இருக்கா. நானும்தான்.

போன வாரம் கவிதா ஒரு சீட்டைக் கொண்டாந்தா. சனிக்கிழமை சனிக்கிழமை வலைப்பந்தாம். இவ நிக்கிற பக்கம் பந்தே வர்றதில்லன்னு அக்காகாரி கேலி பண்றா.

"யூனிவர்சிட்டி புள்ளிக்காகவாடி?"ன்னு கேட்டேன்.

"இல்லம்மா. எனக்குப் பிடிச்சிருக்கு."

கையெழுத்துப் போட்டுட்டேங்க. சூப்பர்வைசர்கிட்டயும் சொல்லிட்டேன், சனிக்கிழமை ஓவர்டைமுக்கு இனி என் பேரைப் போடாதீங்கன்னு. எனக்கு மோட்டார் ஓட்டத் தெரியாது, பஸ்ஸுலதான் கூட்டிட்டுப் போவேன். சட்டைய நானே இஸ்திரி போடுவேன். ஆட்டம் முடியிற வரைக்கும் வேலி ஓரத்துல நிப்பேன், பந்து அவ பக்கம் வந்தாலும் சரி, வராட்டியும் சரி. ஒரு சனிக்கிழமை கூட விடமாட்டேன், இது உங்களுக்கு நான் குடுக்கிற வாக்கு.

நீங்க கூப்பிட்ட மாதிரியே,
உங்க மாலதிம்மா, இப்ப கவிதாம்மாவும்