உச்சியில் நிற்கிற குரல்

12.8.2024, திங்கள்

இன்னிக்கும் தட்டு சுத்துச்சு. சத்தம்? கொசு காதுகிட்ட வந்து பாடுற மாதிரி. என் மகள் கிரேஸுக்கு ஆபீஸ் குலுக்கலில் விழுந்த ரெக்கார்ட் பிளேயர். டிவிக்கு வச்ச சின்ன ஸ்பீக்கரில் சொருகிட்டு, "கேக்குதில்ல, போதும்மா"ன்னு வேலைக்குப் போயிட்டா.

போதாது. என்கிட்ட இருக்கிறது ஒரே ரெக்கார்ட். தங்கவயலில் எங்க கோயில் பாடகர் குழு 1973ல் பாடினது. மாதா பாட்டில் தனியா வர்றது என் குரல். "தாயே"ன்னு உச்சியில் போய் நிக்கிறதும் நான்தான். ஆனா அதே குழுவில் பாடின என் நாத்தனார் டோரீன், 1988ல், எங்க சொந்தக்காரப் பொண்ணு ஹெலன் கல்யாணப் பந்தியில், நாப்பது பேர் முன்னால, "அந்த உச்சியில நிக்கிறது என் குரல்"னு சொன்னா. அன்னிக்கு ரசத்தில் உப்பு கம்மி. அதுகூட ஞாபகம் இருக்கு.

அடுத்த மாசம் மாதா திருநாளுக்கு வர்றா. வந்து கேக்கட்டும். ஆனா இந்தக் கொசுச் சத்தத்தில் யார் குரல்னு எனக்கே பிரிக்க முடியலையே.

14.8.2024

"அஞ்சாயிரம்தான் தருவேன். அதுக்கு மேல கேக்காதம்மா." கிரேஸ் சொல்லிட்டா. பார்ப்போம்.

17.8.2024, சனி

தெருக்கோடி மைக் செட் இராஜமாணிக்கம் பழைய ஆம்ப்ளிஃபையர் ஒண்ணு சும்மா கொடுத்தார். பிளேயர் வயரை அதோட மைக் ஓட்டையில் நானே சொருகினேன். முதல்ல ஒரு உறுமல். அப்புறம் பாட்டு — தகரத்தை ஆணியால கீறுற மாதிரி. மேல்வீட்டு உஷா ஜன்னலைத் திறந்து, "என்னா ஆன்ட்டி, யாராவது போயிட்டாங்களா?"ன்னா.

இதையும் மறக்க மாட்டேன்.

20.8.2024

காலையிலிருந்து நாலு தரம் ரெக்கார்ட் உறையைத் துடைச்சேன். எதுக்கு?

22.8.2024, வியாழன்

மெஜஸ்டிக் ஸ்டாண்டில் பஸ் பிடிச்சு ஆடுகோடி போனேன். ரிப்பேர்க் கடை சேஷகிரி. உட்காரவே இல்லை, நின்னுக்கிட்டே கேட்டேன்.

"ஸ்வல்ப பொறுங்கம்மா. ஊசி எடுக்குற சத்தம் ரொம்ப சன்னம். அப்படியே பெருசு பண்ணா கீச்சுன்னுதான் வரும். நடுவுல ஒரு சின்னப் பெட்டி வேணும், போனோ பெட்டி. அது சத்தத்தைச் சரிபண்ணி, தூக்கி ஆம்ப்ளிஃபையர் கையில கொடுக்கும்."

"இல்லாத பெட்டியைத் தலையில கட்டுறீங்களா?"

"உங்களை ஏமாத்திட்டு நான் கடை திறக்க முடியுமாம்மா?" சிரிச்சார்.

பெட்டி ஆயிரத்து இருநூறு. யாரோ வித்துட்டுப் போன ஆம்ப்ளிஃபையர் மூவாயிரத்து ஐநூறு. ஸ்பீக்கருக்குக் காசு இல்லை. பரணில் கிரேஸ் அப்பா வாங்கின டேப் செட் ஸ்பீக்கர் ரெண்டு கிடக்கு. அதுவே போதுமாம்.

29.8.2024

ஆம்ப்ளிஃபையர் இன்னும் வரலை. ஏதோ குமிழ் கரகரங்குதாம். டோரீன் போன் பண்ணினா, எட்டாம் தேதி காலை ரயிலாம்.

"அண்ணி, முறுக்கு கொண்டாரட்டா?"

"ஒண்ணும் வேணாம். காதை எடுத்துட்டு வா"ன்னேன்.

4.9.2024, புதன்

சேஷகிரி வந்து எல்லாத்தையும் இணைச்சுட்டுப் போனார். ஒரு எர்த் வயர் மாட்டினதும் உறுமல் நின்னுது. கிரேஸ் ஆபீஸில். வீட்டில் நான் மட்டும்.

ஊசியை வச்சேன். ஆர்மோனியம் காத்து இழுக்கிறதுகூடக் கேட்டது. அப்புறம் என் குரல். என்னுதுதான்! பத்தொம்பது வயசுக் குரல். எழுந்து நின்னுட்டேன்.

"தாயே" வந்தது.

சறுக்குது. உச்சிக்குப் போகாம பாதியிலேயே இறங்குது என் குரல். பின்னால இருந்து இன்னொரு குரல் உள்ள வந்து, அடியில கையைக் கொடுத்த மாதிரி தூக்கிப் பிடிக்குது. உச்சியில் நிக்கிறது அது. அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நான் ஏறுறேன்.

ரெண்டாவது வரிசை, மூணாவது ஆள். டோரீன் எங்க நின்னான்னு எனக்குத் தெரியாதா?

ஏழு தரம் போட்டேன். எல்லாம் ஞாபகம் இருக்கே உனக்கு, இது மட்டும் எங்கடி போச்சு?

6.9.2024

"எப்படிம்மா இருக்கு?"ன்னு கிரேஸ் கேட்டா. நல்லாயிருக்குன்னேன்.

பழைய டிவி ஸ்பீக்கரிலேயே போட்டுடலாமா? அதுல ஒண்ணும் தெரியாது. வயரைக் கழட்டினேன். மாட்டினேன். மறுபடி கழட்டினேன்.

ஹெலன் கல்யாணத்தில் டோரீன் அதைச் சொன்னதும் என் முகத்தைப் பார்த்தா. மேல ஏதோ சொல்ல வந்தவ, நிறுத்திட்டா. அதையும் அன்னிக்கே பார்த்தேன். இத்தனை வருஷமா யார்கிட்டயும் சொன்னதில்லை.

8.9.2024, ஞாயிறு

சிவாஜிநகர் மாதா கோயிலில் பூசை முடிச்சு, திருநாளுக்கு உடுத்துற காவிச் சேலையோட வந்தா டோரீன். கையில் முறுக்கு டப்பா. சொன்னா எங்க கேக்கிறா!

புதுப் பெட்டியில்தான் போட்டேன். கண்ணை மூடிக் கேட்டா. "தாயே" வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி எந்திரிச்சுப் போய், சத்தக் குமிழைக் குறைச்சா.

"காது வலிக்குது அண்ணி."

அவளுக்குக் காது பாதிதான் கேக்கும்.

ஊசியைத் தூக்கி முதலிலிருந்து வச்சேன். அந்த இடம் வந்ததும் அவ கை மறுபடி குமிழுக்குப் போச்சு. அது மேலேயே என் கையை வச்சு, முழுசாத் திருப்பினேன்.

தெருவே கேட்டிருக்கும். உஷா ஜன்னலைத் திறந்தா. "பாடுறது யாரு ஆன்ட்டி?"

"கீழ சறுக்குறது நான். உச்சியில நிக்கிறது என் நாத்தனார்"னு கத்திச் சொன்னேன்.

டோரீன் முந்தானையால மூக்கைத் துடைச்சுக்கிட்டு டப்பாவை என் பக்கம் தள்ளினா.

முறுக்கில் உப்பு சரியாத்தான் இருந்தது.