பேர் தெரியாத கொடி

அன்புள்ள அக்கா,

நீ எங்களையெல்லாம் விட்டுப் போன பிறகு உனக்கு நான் எழுதுகிற முதல் கடிதம் புகாரில்தான் தொடங்குகிறது. கோபித்துக்கொள்ளாதே. தேனி வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு மச்சான் உன் மகனோடு சென்னைக்குப் போய்விட்டார். உன் செடிகளையெல்லாம் டிராக்டரில் ஏற்றிச் சுருளிப்பட்டித் தோட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஒரு தொட்டியிலாவது பேர் எழுதி வைத்திருக்கக் கூடாதா?

திராட்சையைத் தவிர எனக்கு என்ன தெரியும்? போனில் இலையைப் படம் எடுத்தால் செடியின் பேரைச் சொல்கிற ஆப் ஒன்றை உன் மகன் போட்டுக் கொடுத்தான். அதை நான் அரைகுறையாகத்தான் நம்பினேன். ரணகள்ளியைச் சரியாகச் சொன்னது. சிமெண்டுத் தொட்டியில் இருந்த அந்த முரட்டுக் கொடியை மட்டும் காலையில் சீத்தா என்றது, சாயங்காலம் வேறொன்று என்றது. தெரியாது என்று சொல்லிவிட்டால் அதற்கு என்ன குறைந்துவிடும்?

அந்தக் கொடிமேல் எனக்குச் சந்தேகம் வரக் காரணமே மச்சான்தான். ஞாயிறுதோறும் போன் செய்வார். என்னை நலம் விசாரிக்க மாட்டார், திராட்சை விலை கேட்க மாட்டார். "ஏம்மா, அந்தக் கொடி பூத்துச்சா?" இது ஒன்றுதான்.

"இத்தனை செடி இருக்கு, அத மட்டும் ஏன் மச்சான் கேக்குறீக?" என்றேன்.

"சும்மாதான்" என்றார்.

சும்மா ஒரு மனுஷன் வாரம் தவறாமல் கேட்பானா? தொட்டி மண்ணுக்குள் நீ நகை எதையாவது புதைத்து வைத்துவிட்டாயோ என்று தோன்றியது. சிரிக்காதே. வேர் அறுபடாமல் மண்ணை விரலால் துழாவிப் பார்த்தேன். ஓட்டாஞ்சில்லும் தேங்காய் நாரும்தான் வந்தன.

உன் மகனிடம் கேட்டேன். "அப்பா இங்க யாரோடவும் பேசுறதில்ல சித்தி. ஒங்களுக்குப் போன் போட்டு அந்தக் கொடியப் பத்திக் கேக்குறதுதான் அவுக பேச்சே" என்றான்.  ஆனால் அதற்குள் நான் அந்தக் கொடியை வெட்டியிருந்தேன்.

கொடி என்றால் கவாத்து செய்ய வேண்டும், இலையை உருவிவிட வேண்டும், அப்போதுதான் பூ பிடிக்கும். இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் எவளைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வாள். பந்தல் திராட்சையோடு சேர்த்து அதையும் மொட்டையடித்தேன். திராட்சை வழக்கம்போல் துளிர்த்துவிட்டது. உன் கொடி மட்டும் விறகுக்குச்சி போல நின்றது. பட்டையை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், உள்ளே பச்சை இருந்தது. அதையும் நான் லேசில் நம்பவில்லை. மறுநாளும் சுரண்டினேன்.

மச்சான் கேட்கும்போதெல்லாம் "இன்னும் இல்ல" என்பேன். அது பொய் இல்லை, உண்மையும் இல்லை. செத்துப்போச்சு என்று எந்த வாயால் சொல்வேன்? சொன்னால் அந்தப் போனும் நின்றுவிடும்.

திராட்சைக்குச் செய்வதையெல்லாம் இதற்கு நிறுத்தினேன். தொட்டியைப் புங்க மரத்தடிக்கு நகர்த்தினேன். உரம் இல்லை, மருந்து இல்லை, மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர். வெறுமனே காத்திருப்பதும் ஒரு பண்டுவம்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. மழை பிடித்த பிறகு ஒரு கணுவில் செம்பு நிறத்தில் துளிர் எட்டிப் பார்த்தது. அக்கா, நான் அழுதுவிட்டேன்.

வெகுநாள் கழித்து ஒரு சாயங்காலம் தோட்டம் முழுக்கப் பழுத்த பழ வாசம். நேரே என் வீட்டுக்காரரிடம் போனேன்.

"பம்புசெட்டு ரூமுல சாராய ஊறலா போட்டிருக்கீக?"

"ஏ ஆத்தா, நான் என்னத்தடி ஒளிச்சு வச்சேன்? நீயே தொறந்து பாரு!"

திறந்து பார்த்தேன். பழைய சாக்கும் ஒரு பல்லியும். வாசத்தைப் பிடித்துக்கொண்டே நடந்தால் அது புங்க மரத்தடியில் கொண்டுபோய் விட்டது. இலைக்குள் இலை நிறத்திலேயே பூ, லேசாக மஞ்சள் ஏறியிருந்தது. மனோரஞ்சிதம்! பூவை எத்தனை தடவை வாங்கித் தலையில் வைத்திருப்பேன். கொடியை யார் பார்த்தது?

சொன்னதும் மச்சான் அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டார். இளைத்திருந்தார். பூவை முகத்தருகே வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார்.

"பேரு தெரியாதுன்னு சொல்லித்தான் நர்சரிக்காரர் குடுத்தாரு. பூத்தா தெருவே மணக்கும்னாரு. ஏமாத்துறான், இது பூக்கவே பூக்காதுன்னா உங்கக்கா. பந்தயம் கட்டுனோம். பூத்துட்டா, 'நீங்க சொன்னதுதான் சரி'ன்னு ஒரே ஒரு தடவ அவ வாயால சொல்லணும்" என்றார். "வேல முடிஞ்சு வந்ததும் தெனமும் கேப்பேன், பூத்துச்சான்னு. இல்லன்னு சிரிப்பா. இப்ப செயிச்சிட்டேன். ஆருகிட்டப் போயிச் சொல்ல?"

 காப்பி போட்டு வருகிறேன் என்று அங்கிருந்து நகர்ந்தேன்.

அடுப்புக்குச் சுள்ளி எடுக்க வேலியோரம் போனபோதுதான், நான் கவாத்து செய்து போட்ட உன் கொடியின் காய்ந்த கிளைகள் கண்ணில் பட்டன. இந்தக் கொடி கொக்கி மாதிரி வளைந்த காம்பில்தான் பூக்கிறது. அன்றைக்குப் பூத்ததும் அப்படித்தான். காய்ந்த கிளைகளிலும் கொக்கிகள் இருந்தன. ஒவ்வொன்றின் நுனியிலும் நகத்தால் கிள்ளிய தழும்பு.

அக்கா, அது தேனியிலேயே பூத்திருக்கிறது, இல்லையா? பச்சையாய், வாசம் வருவதற்கு முன்னாலேயே கிள்ளிப் போட்டிருக்கிறாய். ஏன்? தோற்றுப்போகக் கூடாது என்றா? இல்லை, அவர் வேலை முடிந்து வந்ததும் உன்னைத் தேடி வந்து கேட்கிற அந்தக் கேள்வி நின்றுவிடக் கூடாது என்றா? உன்னை எனக்குத் தெரியும். இரண்டாவதுதான்.

அந்தக் கிளைகளை அப்போதே அடுப்பில் வைத்துக் காப்பி போட்டுக் கொடுத்தேன். மச்சானிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, என் ஆயுசுக்கும் சொல்லமாட்டேன். அவர் ஊருக்குப் போன பிறகும் ஞாயிறு தவறாமல் போன் வருகிறது: "ஏம்மா, இன்னைக்குப் பூத்துச்சா?" பூத்தால் பூத்தது என்றே சொல்வேன் அக்கா. உன்னை மாதிரி எனக்குக் கிள்ள மனசு வராது.

உன் கள்ளத்தனத்தைக் கண்டுபிடித்தும் காட்டிக்கொடுக்காத,
உன் தங்கச்சி