கட்டிலோர வாஷ்பேசின்

மார்ச் 4

இன்றும் அந்த ராட்சசி நர்ஸிடம் வாங்கிக் கட்டிக்கொண்டோம். சமையல் வேலை பார்க்கிற கேன்டீன் அடுப்படியில் கொதிக்கிற எண்ணெய் கொட்டி, வலக்கை வெந்து கிடக்கிறார் என் கணவர். நாளை மறுநாள் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டப் போகிறார்கள். நான் அந்தக் கவலையில் இருக்கிறேன், அவளுக்குக் கட்டிலோர வாஷ்பேசின்தான் உலகம். மிச்சப் பாலை அதில் ஊற்றிவிட்டாளாம் நாத்தனார்.

"எத்தனை வாட்டிம்மா சொல்றது? இது கை கழுவ மட்டும்!"

"ஒரு வாய் பால் ஊத்தினா குடியா முழுகிடும்?" என்றாள் நாத்தனார். நானும் ஆமாம் என்றேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் இருவரும் ஒரே கட்சியில் சேர்ந்தது இதுதான் முதல் தடவை.

மார்ச் 6

ஒட்டிவிட்டார்கள். மயக்கம் தெளிந்ததும், "கரண்டி பிடிப்பேனா?" என்று கேட்டார். "பிடிப்பீங்க" என்றேன்.

மார்ச் 11

கட்டைப் பிரித்தார்கள். பச்சையாகச் சீழ். ஒட்டிய தோல் நனைந்த காகிதம் மாதிரி துணியோடு வந்துவிட்டது. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மார்ச் 14

எந்த ஆன்டிபயாடிக்குக்கும் மசியாத கிருமியாம். "ஒரே ஒரு மருந்துக்குத்தான் அடங்குது. அது கிட்னியைக் கெடுக்கலாம்" என்றார் டாக்டர். தனி அறைக்கு மாற்றிவிட்டார்கள். கையுறை இல்லாமல் என் புருஷனை நான் தொடக் கூடாதாம். எங்கிருந்து வந்தது இந்தச் சனியன்?

மார்ச் 17

வாஷ்பேசினின் கழிவுநீர்க் குழாய்க்குள்ளிருந்து எடுத்துச் சோதித்திருக்கிறார்கள். அதே கிருமி. எங்கள் பாலையும் டீயையும் தின்று கொழுத்திருக்கிறது. தண்ணீரைத் திறக்கும்போதெல்லாம் தெறித்து, பக்கத்தில் நிற்கும் கட்டுப்போடும் வண்டியில் உள்ள துணிமேல் விழுந்திருக்கும் என்கிறார்கள்.

நாத்தனார் அழுதாள். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அவள்மேல். என்மேல் — நானும்தானே டீ ஊத்தினேன்? டாக்டரிடம் கத்திவிட்டேன்: "சாக்கடை வாய்ல யாராவது கட்டுப்போடுற வண்டிய நிறுத்துவாங்களா? ஏன் ஊத்தக் கூடாதுன்னு ஒருத்தராவது சொன்னீங்களா?"

நர்ஸ்தான் மெதுவாகச் சொன்னாள்: "குழாய் அடைச்சுக்கும்னுதாம்மா நான் கத்தினேன். இது எனக்கே தெரியாது."

அவளுக்கும் சொல்லவில்லை! படுபாவிகள்.

மார்ச் 22

சுண்டுவிரலும் மோதிரவிரலும் கறுத்துவிட்டன. எடுக்க வேண்டுமாம். கையெழுத்துப் போட்டேன்.

மார்ச் 23

எடுத்துவிட்டார்கள். பேனாவைப் பிடிக்கவே வெறுப்பாக இருக்கிறது.

ஏப்ரல் 19

மறுபடி ஒட்டிய தோல் பிடித்துவிட்டது. கிட்னியும் தப்பியது. இன்று வீட்டுக்கு அனுப்பினார்கள்.

நர்ஸிடம் சொல்லிக்கொள்ள வார்டு வாசல்வரை போனோம். வண்டியை எதிர்ச் சுவருக்குத் தள்ளியிருந்தார்கள். வாஷ்பேசின் அதே இடத்தில். அவருடைய பழைய கட்டிலில் ஒரு பையன். அவன் அம்மா டம்ளரை பேசினில் கவிழ்க்கப் போனார்.

"ஊத்தாதீங்க!" வார்டே திரும்பிப் பார்த்தது. ராட்சசி இப்போது நான்.

"துளியூண்டு டீதானேம்மா. என்ன ஆகிடப் போகுது?"

என் பின்னால் நின்ற என் கணவர் வலக்கையைத் தூக்கி, இருக்கிற மூன்று விரல்களையும் விரித்துக் காட்டினார்.

அந்த அம்மா டம்ளரோடு வெளியே போனார்.