கரண்டியோடு தூங்கியவள்

என்னங்க, கர்த்தர் கிருபையால் நலம். உங்கள் இருமல் நின்றதா? பிள்ளைகள் சாப்பிடுகிறார்களா?

இங்கே ஆஸ்பத்திரியில் ஒரு கூத்து. மூன்று நாள் தொடர்ந்து டபுள் டூட்டி பார்த்துவிட்டு, பக்கவாதத்தில் வலக்கை விழுந்துபோன ஒரு பெரியவருக்கு சூப் ஊட்டும்போதே கரண்டியோடு தூங்கிவிட்டேன். தலைமை நர்ஸ் அதட்ட வந்தபோது, "சத்தம் போடாதம்மா, இப்பதான் கண்ணசந்தா" என்றாராம் பெரியவர். நான் விழித்தபோது, இடக்கையாலேயே கிண்ணத்தைக் காலி செய்திருந்தார். நானில்லாவிட்டால் பட்டினி கிடப்பார் என்றல்லவா நினைத்திருந்தேன்! என்மேலேயே எரிச்சல் வந்தது. உலகத்தைத் தாங்க ஆண்டவர் இருக்கும்போது நான் எதற்கு முட்டுக்கொடுக்கிறேன்?

"ஞாயித்துக்கெழமையும் வந்துடு" என்றாள் தலைமை நர்ஸ். "முடியாது சிஸ்டர், நானும் மனுஷிதான்" என்றேன். எப்படியோ சொல்லிவிட்டேன்.

ஆராதனைக்கு நேரமாகிவிட்டது. வந்ததும் தூங்கப்போகிறேன், அத்தையிடம் சொல்லிவிடாதீர்கள். துவைக்காத உங்கள் சட்டை ஒன்றை அனுப்புங்கள், தலையணைக்கு வேண்டும்.

உங்கள் மனைவி