கூடையில் வைக்காத திராட்சை

அன்புள்ள அப்பாவுக்கு,

அந்தத் திராட்சையைத் தின்றது நான்தான் என்று இன்று காலை நான் சொல்லவில்லை. அதற்கு முன், உங்கள் முழங்கால் வலி தேவலையா, அம்மாவுக்குச் சர்க்கரை குறைந்ததா என்று எழுதுங்கள். நான் சுகம்.

ஹில்ஸ்பரோவில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் பின்வேலியில் ஒரு திராட்சைக் கொடி உண்டு. அதில் குலைகள் குறைகின்றன என்று வீட்டுக்காரர் குணவதி அக்கா, பக்கத்து அறைக்குப் புதிதாக வந்த வைஷாலியை இன்று காலை பிடித்துக்கொண்டார்.

"நீர் இந்த வீட்டுக்கு வந்தாப் பிறகுதான் குலை குறையுது."

"நான் தொடவே இல்ல ஆன்ட்டி."

"அப்ப குருவியோ காம்போடை கிள்ளுறது?" என்றவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "இவ வேதக்காரப் பிள்ளை, தொடமாட்டா."

அந்தச் சிரிப்பு என்னைச் சோதிப்பதற்கோ என்று இன்னும் சந்தேகமாக இருக்கிறது.

பிறர் திராட்சைத் தோட்டத்தில் ஆசை தீரத் தின்னலாம், கூடையில் எடுத்துப் போகக்கூடாது என்ற இஸ்ரவேலர் சட்டத்தை ஞாயிறு பள்ளியில் சொல்லித் தந்தீர்களே. அதை நம்பித்தான் தினமும் வேலியோரம் நின்று தின்றேன். டப்பாவில் ஒன்றுகூட வைத்ததில்லை. வைஷாலியும் தின்றிருப்பாளோ என்று இப்போது தோன்றுகிறது. தின்றிருந்தால் எனக்கு நிம்மதி.

அந்தச் சட்டம் வழிப்போக்கருக்கு மட்டுமா, வாடகைக்கு இருப்பவருக்கும் உண்டா? உங்கள் பிரசங்க நோட்டைப் பார்த்து எழுதுங்கள். போனில் வேண்டாம், உங்கள் கையெழுத்தில் வேண்டும். அம்மாவிடம் சொல்லாதீர்கள். பஸ் வந்துவிடும்.

உங்கள் மகள்,
ஹெப்சிபா

பின்குறிப்பு: இதைத் தபாலில் சேர்ப்பதற்குள் சனிக்கிழமை வந்துவிட்டது. வைஷாலி அறையைக் காலி செய்துவிட்டு மங்கரே பக்கம் வேறு அறைக்குப் போய்விட்டாள்.