இருதயராஜ் மாமாவுக்கு எழுத்து தெரியவில்லை

கரையான்சாவடி,
ஞாயிறு மாலை.

அன்பு மகள் நிவேதிதாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அந்தக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும், இங்கே நானும் அம்மாவும் உடம்பளவில் சுகம்தான். அம்மாவுக்கு முழங்கால் வலி கூடக்குறைய இருக்கிறது, மாடி ஏறுவதை நிறுத்திவிட்டாள், துணி காயப்போடுவது இப்போது என் வேலை. தெருவில் பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிய பள்ளத்தை இன்னும் மூடவில்லை, பால் வாங்கப் போவதென்றாலும் பலகைமேல்தான் நடக்க வேண்டும். போன வாரம் போனில், ஏன்ப்பா குரல் ஒரு மாதிரி இருக்கு என்று கேட்டாய், சளி என்று சொல்லிவிட்டேன். சளி இல்லை. வாயால் சொல்ல வரவில்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இருதயராஜ் மாமா விஷயம்தான். ஆடி மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தார், தேறிவிட்டார் என்று மட்டும் உன்னிடம் சொல்லியிருந்தேன். நடந்தது என்னவென்றால், அன்று காலையில் நெமிலிச்சேரி வீட்டில் வழக்கம்போல எழுந்து காப்பி குடித்துவிட்டுப் பேப்பரை எடுத்திருக்கிறார். எடுத்தவர் ஜெயமேரி அத்தையைக் கூப்பிட்டு, "பேப்பர்காரன் இன்னா தெலுங்குப் பேப்பர் போட்டுட்டுப் போயிருக்கான்" என்றாராம். அத்தை வந்து பார்த்தால் தினம் வருகிற தமிழ்ப் பேப்பர். அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் பிரித்திருக்கிறார், அதுவும் தெலுங்கு. இன்னொன்று, அதுவும். பிறகுதான் அத்தைக்குப் பயம் வந்து ஆட்டோ பிடித்தாள். மூளையில் ஒரு சின்ன ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது என்றார்கள். கை கால் நன்றாக இருக்கிறது, பேச்சு நன்றாக இருக்கிறது, சுவரில் ஊர்கிற எறும்புகூடத் தெரிகிறது, எழுத்து மட்டும் தெரியவில்லை. இதில் கொடுமை என்னவென்றால் அவரால் எழுத முடிகிறது. அதே அழகான கையெழுத்து. எழுதி வைத்துவிட்டுச் சற்று நேரம் கழித்து எடுத்துப் பார்த்தால் அவருக்கே படிக்க வராது. இப்படி ஒரு வியாதி உண்டென்று நானும் அதுவரை கேள்விப்பட்டதில்லை.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் உனக்குத் தெரியும். வரதனின் ஜெராக்ஸ் கடை மாடியில் உட்கார்ந்து அவரவர் அந்த மாதம் படித்ததைச் சொல்வோம். நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம், பிறகு வேலப்பன்சாவடிப் பக்கம் புது அடுக்குமாடியில் குடிவந்த மோகனப்பிரியாவும் சேர்ந்தாள், ஐ.டி.யில் வேலை பார்க்கிற பெண், எங்கள் மூன்று பேரையும்விட வேகமாகப் படிப்பவள். ஆனால் இருதயராஜ் சொன்னால்தான் புத்தகம். அவர் சொல்லிக் கேட்ட அன்றே கடைக்கு ஓடத் தோன்றும். உடம்பு கொஞ்சம் தேறியதும் புரட்டாசியில் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தோம். கடைசியாகப் படித்த நாவலைப் பற்றி ஒரு பக்கம் எழுதி எடுத்துவந்திருந்தார், என்னைப் படிக்கச் சொன்னார். படித்தேன், எப்போதும்போலப் பிரமாதமாக இருந்தது. மோகனப்பிரியா தெரியாத்தனமாக, "அங்கிள், அந்த நடு வரி புரியல, திருப்பிச் சொல்றீங்களா" என்று கேட்டுவிட்டாள். அவர் என் கையிலிருந்து தாளை வாங்கினார். பார்த்தார். தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். பிறகு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "ஊட்டுக்குப் போலாம் எத்திராஜு" என்றார். அதற்குப் பிறகு அவர் அந்த மாடிக்கு வரவில்லை.

நாங்கள் சும்மா இருந்துவிடவில்லை. மோகனப்பிரியா அவர் போனில் கதை வாசிக்கிற ஆடியோவெல்லாம் ஏற்றிக் கொடுத்தாள், இரண்டு நாள் கேட்டுவிட்டுக் காதிலிருந்து கழற்றிவிட்டார். நான் வாரம் தவறாமல் போய்ப் படித்துக் காட்டினேன். ஒருநாள் கையை அமர்த்தி, "நான் ஒரு வரி படிச்சா கொஞ்ச நேரம் ஜன்னலாண்ட பாத்துக்கினு இருப்பேன். நீ நிறுத்தாம போய்க்கினே கீறே" என்றார். அடுத்த வாரம் வரிக்கு வரி நிறுத்திப் படித்தேன். நான் நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன், அவர் என் முகத்தைப் பார்த்தார், ஜன்னலை யாரும் பார்க்கவில்லை. எழுத்தை விரலால் தடவித் தடவிக் கண்டுபிடிக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் பழக்கிவிட்டார்கள், கார்த்திகை முழுக்க அதைச் செய்தார். ஒரு வரி முடிவதற்குள் முதல் சொல் அவருக்கு மறந்துவிடும். தை பிறந்ததும் பெரிய டாக்டரைப் பார்த்தோம். வரவேண்டியது இதற்குள் வந்திருக்கும், இனி எதிர்பார்க்க வேண்டாம் என்று நேராகவே சொல்லிவிட்டார். அந்த வாரமே இருதயராஜ் வரதனையும் என்னையும் கூப்பிட்டு அலமாரியைக் காலி செய்யச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். "அத்தினியும் என்னையே பாத்துக்கினு கீது எத்திராஜு, எடுத்துக்கினு போயிடு" என்றார். ஜெயமேரி அத்தை அடுப்படியிலிருந்து வெளியே வரவே இல்லை. புத்தகங்கள் இப்போது உன் அறையில் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன, நான் கட்டைப் பிரிக்கவில்லை.

இன்று காலை ஆவடி போய் ரயில் ஏறி அவரைப் பார்த்துவிட்டு வந்தேன். இப்போ இன்னா படிக்கிறே என்று கேட்டார். ஒன்றும் இல்லை என்றேன். "பொய் சொல்லாதே, சொல்லு" என்றார். சொன்னேன். உப்பளத்து வேலைக்குப் போய்த் திரும்பி வராத தம்பியைத் தேடி ஒரு அக்கா ஊர் ஊராக அலைகிற கதை. அவர் கண்ணை மூடிக் கேட்டார், இடையிடையே கேள்வியும் கேட்டார், பழைய ஆளே திரும்பி வந்ததுபோல இருந்தது, எனக்கும் உற்சாகம் வந்துவிட்டது. தம்பி இருக்கும் ஊருக்கு அவள் போய் இறங்குகிறாள் என்ற இடத்தில் நிறுத்தினேன். நாங்கள் யாருமே முடிவைச் சொல்வதில்லை, அதைப் படிப்பவர்தான் தெரிந்துகொள்ள வேண்டும், இத்தனை வருஷத்தில் ஒருவரும் மீறியதில்லை. அவர் கண்ணைத் திறந்து, "முடிவையும் சொல்லிடு" என்றார். அது நம் வழக்கமில்லையே என்றேன். "எனக்கு இன்னாத்துக்கு மறைக்கிறே, சொல்லிடு" என்றார். சொன்னேன்மா. தம்பி அவளைப் பார்த்தும் தெரியாதவன்போல நடந்து போய்விடுகிறான் என்று சொன்னேன். நல்ல புக்கு என்றார். பிறகு, "இதோட போதும், இனிமே வர்றப்போ புக்குப் பேச்சு வேணாம்" என்றார். சரி என்றேன். அதற்கப்புறம் வெயில் அதிகம் என்றேன், ஆமாம் என்றார். அத்தை டி.வி.யைப் போட்டாள், நான் எழுந்து வந்துவிட்டேன்.

ஏதாவது புது வைத்தியம் வந்திருக்கிறதா என்று தேடி அனுப்பாதே, மோகனப்பிரியா எல்லாம் தேடிப் பார்த்துவிட்டாள். எனக்கு ஆறுதல் சொல்லியும் எழுத வேண்டாம். மாப்பிள்ளையைப் பிரஷர் மாத்திரையை ஒருநாளும் விடாமல் போடச் சொல், இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். குழந்தையோடு நீங்கள் மூவரும் நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். சித்திரையில் வரும்போது அம்மாவின் முழங்காலில் மாட்டிக்கொள்ள நல்ல பட்டை கிடைத்தால் வாங்கி வா. எனக்குப் புத்தகம் எதுவும் வாங்கி வராதே.

உன் அப்பா,
எத்திராஜ்